எஞ்சின் ஏன் அந்தத் தியாகத்தைக் காணவில்லை? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கடினமான ஒரு தியாகத்தைச் செஸ் எஞ்சின் எத்தனை நொடியில் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பது எளிய வேலை போலத் தோன்றும். காய்களை வைக்க வேண்டும், ஓடவிட வேண்டும், நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே. ஆனால் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் அவர்களுடைய அப்பாக்களும் “எஞ்சின் கெட்டுவிட்டது சார்” என்று என்னிடம் மடிக்கணினியை நீட்டும்போதெல்லாம், பெரும்பாலும் எஞ்சின் மேல் குற்றம் இருப்பதில்லை. காய் வைத்தவர், நேரம் பார்த்தவர், கணினியின் விசிறி என்று வேறு எங்காவதுதான் குற்றம் இருக்கும். ஒரே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## முதலில் நிலையும் அளவுகோலும்

நான் எப்போதும் எடுத்துக்கொள்வது ஸ்பெயினின் லினாரஸ் நகரில் 1998இல் நடந்த போட்டியின் டோபலோவ் (வெள்ளை) – ஷிரோவ் (கறுப்பு) ஆட்டம். அந்தப் போட்டியில் முதலிடம் பெற்றவர் நம் ஆனந்த்தான், ஷிரோவுக்கு இரண்டாமிடம். இருந்தாலும் இன்றைக்கு லினாரஸ் 1998 என்றால் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது ஷிரோவின் ஒரே ஒரு நகர்த்தல்.

வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4.
கறுப்பு: ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6.
47ஆவது நகர்த்தல், ஆட வேண்டியது கறுப்பு.

விடை: பிஷப் எச்3. ஜி2 சிப்பாயின் வாயில் பிஷப்பைச் சும்மா கொண்டுபோய்க் கொடுப்பது. கறுப்பு ராஜாவுக்கு இ4 கட்டம் வேண்டும், அங்கே போகும் வழியான எஃப்5இல் சொந்த பிஷப்பே உட்கார்ந்திருக்கிறது. அதைச் சும்மா நகர்த்தினால் வெள்ளை ராஜா எஃப்2, இ3 என்று வந்து வழியை அடைத்துவிடும். ஜி2ஐத் தாக்கிக்கொண்டே விலகினால் ஒரு நகர்த்தல் மிச்சம். ஆட்டத்தில் வெள்ளை பிஷப்பை வெட்டியது. பிறகு கறுப்பு ராஜா எஃப்5. வெள்ளை ராஜா எஃப்2, கறுப்பு ராஜா இ4. வெள்ளை பிஷப் எஃப்6 சிப்பாயை வெட்ட, டி சிப்பாய் டி4. பிஷப் இ7, ராஜா டி3. பிஷப் சி5, ராஜா சி4. பிஷப் இ7, ராஜா பி3. டோபலோவ் அத்துடன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஏ, டி இரண்டு வரிசையிலும் ஓடும் சிப்பாய்களை ஒரே பிஷப் பிடிக்க முடியாது.

பழைய எஞ்சின்கள் பல இங்கே தடுமாறின. ஒரு முழுக் காயைக் கொடுத்ததற்குப் பலன் ராஜா நடந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் கையில் வருகிறது. அதற்குள் “இது வீண்” என்று முடிவு கட்டிவிட்டு எஞ்சின் வேறு நகர்த்தலுக்குப் போய்விடும்.

அடுத்தது அளவுகோல். “கண்டுபிடித்த நேரம்” என்றால் என்ன என்பதில்தான் பாதிச் சண்டை வருகிறது. திரையில் பிஷப் எச்3 முதன்முதலாகத் தலைகாட்டிய நொடியைக் கணக்கில் எடுக்காதீர்கள். எந்த நொடியிலிருந்து அது மேலே வந்து சோதனை முடியும்வரை இறங்காமல் நின்றதோ, அந்த நொடிதான் நேரம். அதோடு, யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று எஞ்சின் எண்ணாகச் சொல்லும் மதிப்பும் வெற்றி என்று சொல்லும் அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். எவ்வளவு ஏறினால் வெற்றி என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே தாளில் எழுதி வையுங்கள். முடிந்த பிறகு எழுதினால் நமக்குப் பிடித்த எஞ்சின் பக்கம் கை சாயும், எனக்கும் சாய்ந்திருக்கிறது.

## அறிகுறி: எவ்வளவு நேரம் விட்டாலும் அந்த நகர்த்தல் வரவே இல்லை

காய்களை எண்ணுங்கள். வெள்ளை 4, கறுப்பு 6, மொத்தம் 10. சிரிக்காதீர்கள். ஒரு மாணவன் ஜி6 சிப்பாயை வைக்க மறந்துவிட்டு இரவு முழுவதும் மடிக்கணினியை ஓடவிட்டு, காலையில் கண் சிவக்க வந்து நின்றான். அவன் வைத்த நிலைக்கு நம்மிடம் விடையே கிடையாது. கறுப்பைக் கீழே வைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் கட்டங்களைத் தலைகீழாகப் படித்துவிடுவதும் உண்டு. ஆட வேண்டியது யார் என்பதைப் பாருங்கள். மற்ற சோதனை நிலைகளில் கோட்டை கட்டும் உரிமை, வழிவெட்டு (என் பஸான்) உரிமை, 50 நகர்த்தல் விதிக்கான எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். கடைசி எண்ணிக்கை பெரிதாக இருந்தால் வெல்ல வேண்டிய நிலையும் டிரா என்றே வரும்.

பலத்தைக் குறைத்து வைத்திருக்கிறீர்களா? பொழுதுபோக்காக எஞ்சினோடு ஆடுவதற்காகப் போன வாரம் திறன் நிலையை இறக்கியிருப்பீர்கள், அது அப்படியே இருக்கும். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினில் திறன் நிலை 20 என்பதுதான் முழுப் பலம். எலோ (ஆட்டக்காரர் தரப்புள்ளி) வரம்பு என்ற தனி விருப்பமும் அணைந்திருக்க வேண்டும்.

ஆழத்துக்கோ (எத்தனை நகர்த்தல் முன்னால் பார்க்கிறது என்பதற்கோ) நேரத்துக்கோ உச்சவரம்பு இருக்கிறதா? உலாவியிலும் கைப்பேசியிலும் ஓடும் எஞ்சின்கள் குறிப்பிட்ட ஆழம் வந்ததும் நின்றுவிடுவது வழக்கம். நின்றுபோன எஞ்சினைப் பார்த்து அரை மணி நேரம் காத்திருந்தவர்களை நான் அறிவேன். நோட் எண்ணிக்கை, அதாவது எஞ்சின் இதுவரை பார்த்த நிலைகளின் எண்ணிக்கை, ஓடிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். எண் அசையவில்லை என்றால் எஞ்சின் தூங்குகிறது. வரம்பில்லாப் பகுப்பாய்வு என்ற முறைக்கு மாற்றுங்கள். ஆட்டக் கடிகாரத்தோடு ஓடவிட்டிருந்தால் எஞ்சின் தானே நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு, கண்டுபிடிக்கும் முன்பே வேறொன்றை ஆடிவிடும்.

இதுவரை எல்லாம் சரி, இன்னும் வரவில்லை. இப்போது செய்ய வேண்டிய சோதனைதான் முழு வழிமுறையிலும் பயன்மிக்கது. அந்த நகர்த்தலை நீங்களே பலகையில் ஆடிவிட்டு எஞ்சினைக் கேளுங்கள்.

கிளை 1: மதிப்பு சில நொடிகளில் கறுப்புப் பக்கம் பாய்கிறது. அப்படியானால் எஞ்சினுக்கு விஷயம் புரிகிறது. தொடக்க நிலையில் அந்த நகர்த்தலை மேற்கொண்டு ஆராயாமல் தள்ளிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். நேரம் கொடுத்தால் வரும்.

கிளை 2: பாயவில்லை. வெள்ளை வெட்டட்டும், ராஜாவை எஃப்5க்கு நகர்த்துங்கள், மறுபடி பாருங்கள். இன்னும் இல்லையா, வெள்ளை ராஜா எஃப்2, கறுப்பு ராஜா இ4, மறுபடி. எந்தப் படியில் மதிப்பு பாய்கிறதோ அந்த ஆழம்வரை எஞ்சினுக்குக் கண் தெரியவில்லை. பழைய எஞ்சின் என்றால் இது கோளாறல்ல, இயல்பு. புதிய பதிப்பில் இப்படி நடந்தால் மேலே சொன்ன மூன்றில் ஏதோ ஒன்றைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள்.

வெள்ளை வெட்டாமல் ராஜாவை எஃப்2க்குக் கொண்டு வந்தால்? கறுப்பு ராஜா எஃப்5, வெள்ளை ராஜா எஃப்3, அப்போது கறுப்பு பிஷப் ஜி2ஐ வெட்டி ஷா (செக்) கொடுக்கும். வெள்ளை ராஜா அதை வெட்டினால் கறுப்பு ராஜா இ4க்கு வந்துவிடும். எஞ்சின் வெட்டாத வழியைக் காட்டினால் கோளாறு என்று பதற வேண்டாம்.

கடைசியாக, விடையே தவறாக இருக்கலாம். புகழ்பெற்ற தியாகம் எல்லாம் வெல்லும் தியாகம் அல்ல. 1999இல் வைக் ஆன் ஸீயில் டோபலோவுக்கு எதிராகக் காஸ்பரோவ் 24ஆவது நகர்த்தலில் டி4இல் யானையைக் கொடுத்தார். உலகமே கொண்டாடிய ஆட்டம் அது. ஆனால் டோபலோவ் யானையை எடுக்காமல் ராஜாவை பி6க்கு நகர்த்தியிருந்தால் தப்பித்திருப்பார். அந்த நிலையை வைத்து “எஞ்சின் வெற்றி காட்டவில்லை” என்று குறை சொன்னால், எஞ்சின் சொல்வதுதான் சரி. இரண்டு வேறு குடும்பத்து எஞ்சின்கள், நல்ல கணினியில், நீண்ட நேரம் ஓடியும் மறுத்தால் நிலையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

## அறிகுறி: தட்டியவுடனே கண்டுபிடித்துவிட்டது, நம்பும்படி இல்லை

நம்பாதீர்கள். பத்தில் ஒருமுறைகூட எஞ்சின் மேதையாகிவிட்டதாக நான் முதலில் நினைப்பதில்லை, ஹேஷைத்தான் நினைப்பேன்.

எஞ்சின் ஒருமுறை பார்த்த நிலைகளை ஹேஷ் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. மேலே சொன்னபடி நீங்கள் நகர்த்தலை ஆடிப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தால், விடை ஏற்கெனவே அங்கே எழுதப்பட்டிருக்கிறது. தேர்வுக்கு முன் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு மாணவன் வேகமாக எழுதுகிறான் என்று வியப்பதைப் போலத்தான் இது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் ஹேஷைத் துடைக்கும் பொத்தானை அழுத்துங்கள். சில செயலிகளில் அந்தப் பொத்தான் இருந்தும் வேலை செய்வதில்லை. எஞ்சினை முழுமையாக மூடித் திறப்பதுதான் எனக்கு நம்பிக்கையான வழி.

அடுத்து, பதில் உங்கள் கணினியிலிருந்துதான் வருகிறதா? புகழ்பெற்ற நிலை என்றால் இணையச் சேமிப்பில் யாரோ முன்பே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். திறந்த முதல் கணத்திலேயே பெரிய ஆழம் காட்டினால் அதுதான் காரணம். இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓட்டுங்கள்.

பிறகு டேபிள்பேஸ், அதாவது சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்கு முடிவை முன்பே கணக்கிட்டு வைத்த தொகுப்பு. சிஸிஜி என்ற வகையில் 5 காய்த் தொகுப்பு சுமார் 1 ஜிபி, 6 காய்த் தொகுப்பு சுமார் 150 ஜிபி. நம் நிலையில் 10 காய்கள் இருக்கின்றன. பிஷப் போனால் 9, எஃப்6 சிப்பாயும் போனால் 8. இன்னும் இரண்டு வெட்டு நடந்தால் 6 காய்த் தொகுப்பு பேச ஆரம்பிக்கும். தேடலின் அடிக் கிளைகளில் அது நடக்கும். டேபிள்பேஸ் தொட்ட எண்ணிக்கை பூஜ்யமாக இல்லை என்றால் உதவி கிடைத்திருக்கிறது. அதில் தவறில்லை, ஆனால் ஒரு கணினியில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் ஒப்பிடக் கூடாது.

இவை எல்லாவற்றையும் பார்த்தும் உடனே வருகிறதா? சரி, எஞ்சின் உண்மையிலேயே வேகமாகியிருக்கிறது. 2020இல் ஸ்டாக்ஃபிஷ் 12 நரம்பு வலை மதிப்பீட்டைக் கொண்டுவந்த பிறகு பழைய புதிர்கள் பல சோதனை என்ற தகுதியை இழந்துவிட்டன. கடினமான நிலைக்கு மாறுங்கள்.

## அறிகுறி: ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரம்

ஒருமுறை 8 நொடி, அடுத்த முறை 3 நிமிடம் என்று வந்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை. எஞ்சின் பல த்ரெட்களில், அதாவது இணையாக ஓடும் பல தேடல்களாக, ஓடும்போது அவை ஒரே ஹேஷில் எழுதிப் படித்து ஒன்றையொன்று திசைமாற்றுகின்றன. யார் முந்தினார் என்பது ஒவ்வொரு முறையும் மாறும், தேடலும் மாறும்.

த்ரெட் எண்ணிக்கையை 1 ஆக்கி, ஹேஷைத் துடைத்து, இரண்டுமுறை ஓட்டுங்கள். பிஷப் எச்3 வரும்போது இருக்கும் நோட் எண்ணிக்கை இரண்டு முறையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நொடிகள் சற்று முன்பின் ஆகலாம், நோட் எண்ணிக்கை ஆகக் கூடாது. ஒன்றாக இருந்தால் உங்கள் அமைப்பு சுத்தம். மாறினால் ஹேஷ் துடைபடவில்லை, அல்லது டேபிள்பேஸ், இணையச் சேமிப்பு போன்ற ஏதோ ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது.

பல த்ரெட்டில்தான் அளக்க வேண்டும் என்றால் 9 முறை ஓட்டுங்கள். நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி 5ஆவதை எடுங்கள். சராசரி வேண்டாம். ஒருமுறை காலவரம்புக்குள் விடை வராவிட்டால் சராசரிக்கு எந்த எண்ணைப் போடுவீர்கள்? நடுவில் நிற்கும் எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை, நான்கு முறை தோற்றாலும் அது நிற்கும். ஒன்பதில் சிறந்ததை மட்டும் எடுத்து ஊருக்குச் சொல்கிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

## அறிகுறி: கண்டது, பிறகு கைவிட்டது

பிஷப் எச்3 ஒரு கணம் மேலே வந்து, அடுத்த ஆழத்தில் காணாமல் போய், பிறகு திரும்பி வரும். அந்த முதல் வரவைத்தான் பலர் நேரமாகக் குறித்துவிடுகிறார்கள். வரியின் பக்கத்தில் “குறைந்தபட்சம்” என்ற குறி இருந்தால் எஞ்சின் இன்னும் முடிவு செய்யவில்லை. “முன்பு நினைத்ததைவிட இது நன்றாக இருக்கும் போலிருக்கிறது, திரும்பப் பார்க்கிறேன்” என்ற நிலை அது. திரும்பப் பார்த்தால் பிடிக்காமலும் போகலாம்.

அடிக்கடி கைவிட்டால் ஹேஷ் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். ஸ்டாக்ஃபிஷ் தொடக்கத்தில் எடுத்துக்கொள்வது 16 எம்பி மட்டுமே, நீண்ட தேடலுக்கு அது போதாது. நிரம்பிய அளவு ஆயிரத்துக்கு இத்தனை என்று காட்டப்படும். சோதனை முடியும் முன்பே 1000ஐத் தொட்டால் ஹேஷைக் கூட்டி, எல்லா எஞ்சின்களுக்கும் அதே அளவைக் கொடுத்து மறுபடி தொடங்குங்கள்.

## அறிகுறி: சரியான நகர்த்தல், ஆனால் மதிப்பு கழித்தலில் இருக்கிறது

பதறி அழைக்கிறவர்கள் இவர்கள்தான், விடை மிக எளிது. எஞ்சின் தன் முறைக்குரிய பக்கத்தின் கண்ணால் மதிப்பைச் சொல்லும், பல செயலிகள் அதை வெள்ளையின் கண்ணுக்கு மாற்றிக் காட்டும். கறுப்பு வெல்லும் நிலையில் கழித்தல் குறிதான் நல்ல செய்தி.

நகர்த்தல் சரி, மதிப்பு மட்டும் ஏறவே இல்லை என்பது வேறு கதை. எஞ்சின் தற்செயலாக அங்கே நிற்கிறது. காட்டும் தொடர்ச்சியைப் படியுங்கள். வெள்ளை வெட்டிய பிறகு ராஜா இ4 நோக்கி நடக்கிறதா? இல்லையென்றால் நேரத்தைக் குறிக்காதீர்கள். பதிப்புக்குப் பதிப்பு மதிப்பின் அளவும் மாறும். ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் 1.00 என்பது வெல்ல 50 விழுக்காடு வாய்ப்பு என்ற பொருளில் அமைக்கப்பட்டிருக்கிறது. பழைய பதிப்பின் எண்ணை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

## அறிகுறி: தொடக்கத்தில் வேகம், பிறகு நொண்டுகிறது

நொடிக்கு எத்தனை நோட் என்ற எண்ணைத் தொடக்கத்திலும் 5 நிமிடம் கழித்தும் குறித்துக்கொள்ளுங்கள்.

மெல்ல மெல்லக் குறைந்தால் வெப்பம். மடிக்கணினியை மெத்தை மேல் வைத்திருப்பீர்கள். மேசைக்கு மாற்றுங்கள், மின்சாரத்தில் செருகுங்கள், மின்சேமிப்பு முறையை அணையுங்கள். விசிறித் துவாரத்தில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

திடீரென்று பாதாளத்தில் விழுந்தால் நினைவகம். இருப்பதைவிடப் பெரிய ஹேஷ் கொடுத்துவிட்டீர்கள், கணினி வன்தட்டில் எழுத ஆரம்பித்துவிட்டது. காலியாக இருக்கும் நினைவகத்தில் பாதிக்கு மேல் நான் கொடுப்பதில்லை. டேபிள்பேஸ் பழைய சுழலும் வன்தட்டில் இருந்தாலும் இதே நொண்டல் வரும்.

தொடக்கம் முதலே மெதுவாக இருந்தால் உங்கள் கணினியின் சிபியுவுக்குப் பொருந்தாத எஞ்சின் கோப்பைப் பதிவிறக்கியிருக்கலாம். சிபியு புரிந்துகொள்ளும் கட்டளைகளுக்கேற்ப ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ2 என்று தனித்தனி வகைகள் இருக்கின்றன. பழைய ரைசன் சிபியுக்களில், மூன்றாம் ஸென் தலைமுறைக்கு முந்தியவற்றில், பிஎம்ஐ2 வகையைவிட ஏவிஎக்ஸ்2 வகையே பொருத்தம். இரண்டையும் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு எது வேகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: நண்பரின் பழைய கணினி என்னுடையதை முந்திவிட்டது

புதிய கணினி வாங்கியவரின் மனவலி எனக்குப் புரிகிறது. நண்பரின் திரையில் எத்தனை வரிகள் காட்டப்படுகின்றன என்று எட்டிப் பாருங்கள். நான்கு வரிகள் கேட்டால் எஞ்சின் நான்கு நகர்த்தல்களை முழுக் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. பொதுவாக இது வேகத்தைக் குறைக்கும். ஆனால் ஒதுக்கித் தள்ளப்படும் தியாகம் ஒன்று இருந்தால், இதே காரணத்தால் அது சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும். இருவரும் ஒரு வரியில் ஓட்டி ஒப்பிடுங்கள்.

அடுத்தது பதிப்பு. புதிய பதிப்பு ஆட்டத்தில் பலமானது என்பதற்காக இந்த ஒரு நிலையில் வேகமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கிளைகளை இன்னும் துணிவாக வெட்டித்தான் அது பலம் பெற்றிருக்கும், அந்த வெட்டில் உங்கள் தியாகமும் விழுந்திருக்கும். ஒரு நிலையை வைத்து எஞ்சின்களுக்குத் தரவரிசை போடாதீர்கள். குறைந்தது இருபது முப்பது நிலையாவது வேண்டும்.

முழுக்க நரம்பு வலையை நம்பி ஓடும் லீலா போன்ற எஞ்சினோடு ஒப்பிட்டால் நோட் எண்ணிக்கையைத் தொடவே தொடாதீர்கள். அதன் ஒரு நோட்டும் ஸ்டாக்ஃபிஷின் ஒரு நோட்டும் ஒன்றல்ல. நல்ல கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமல் அதை மதிப்பிடுவதும் நியாயமல்ல.

## எப்போது பிறரை அழைக்க வேண்டும்

கணினி பழுதுபார்ப்பவரை: எஞ்சின் ஓடும்போது மட்டும் கணினி தானாக அணைகிறது, அல்லது தூசி துடைத்த பிறகும் வேகம் சரிகிறது என்றால். வெப்பப் பசை மாற்றுவதை வீட்டில் முயல வேண்டாம்.

வலுவான ஆட்டக்காரரையோ பயிற்சியாளரையோ: இரண்டு எஞ்சின்கள் உங்கள் விடையை மறுக்கும்போது. எதிரியின் எந்தப் பதில் தியாகத்தை உடைக்கிறது என்று அவர் பலகையில் காட்டிவிடுவார்.

எஞ்சினை எழுதியவர்களை: ஒரே த்ரெட்டில், துடைத்த ஹேஷில், அதிகாரப்பூர்வக் கோப்பில், ஒரே தவறு திரும்பத் திரும்ப வரும்போது மட்டும். ஓட்டம் பாதியில் அறுந்து விழுவது, விதிக்குப் புறம்பான நகர்த்தல், இல்லாத செக்மேட்டை இருப்பதாகச் சொல்வது போன்றவை. அதற்கு முன் ஸ்டாக்ஃபிஷில் ‘பெஞ்ச்’ கட்டளையை ஓட்டி, கடைசியில் வரும் மொத்த நோட் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு பதிப்புக்கு அந்த எண் எந்தக் கணினியிலும் ஒன்றுதான். உங்களுடையது மாறியிருந்தால் கோப்பு பழுது, மறுபடி பதிவிறக்குங்கள். மாறவில்லை என்றால் பதிப்பு எண், த்ரெட், ஹேஷ், முழு நிலை, எஞ்சின் வெளியிட்ட வரிகள் எல்லாவற்றையும் வெட்டாமல் ஒட்டி அனுப்புங்கள். திரையைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பினால் பதில் வராது.